ஆன் ஃபிராங்க்: தன் எழுத்தைத் தானே திரும்பிப் படித்த பெண்

பதின்மூன்று வயது மகளுக்கு ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை வாங்கித் தரலாமா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். கூடவே இரண்டு சந்தேகங்களையும் எழுப்பியிருக்கிறார். அது போர்க்காலப் புத்தகம்தானே, ஒரு பெண்பிள்ளை வளர்வதைப் பற்றி அதில் என்ன இருக்கப் போகிறது? அவள் எழுதியதை அப்பா திருத்திவிட்டார் என்கிறார்களே, அப்படியானால் எவ்வளவு தூரம் நம்புவது?

தாராளமாக வாங்கித் தரலாம். சந்தேகங்களுக்கான பதில் கொஞ்சம் நீளமானது. இரண்டாவதிலிருந்து தொடங்கினால்தான் முதலாவது விளங்கும்.

1942 ஜூன் 12 அன்று, பதின்மூன்றாவது பிறந்தநாளில், ஆனுக்குச் சிவப்புக் கட்டம் போட்ட துணி அட்டையும் சிறிய பூட்டும் கொண்ட நோட்டு ஒன்று கிடைத்தது. அன்றே எழுதத் தொடங்கினாள். நாஜி ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த நெதர்லாந்தில் வாழ்ந்த யூதக் குடும்பம் அவளுடையது. ஜூலை 5 அன்று அக்கா மார்கோட்டை ஜெர்மனிக்கு வேலைக்கு அனுப்புவதற்கான ஆணை வந்தது. மறுநாள் காலையிலேயே குடும்பம் தலைமறைவானது. ஆம்ஸ்டர்டாமில் பிரின்சென்கிராக்ட் கால்வாயோரம் 263 ஆம் எண் கட்டடத்தில் அப்பா ஓட்டோவின் நிறுவனம் இருந்தது. அதன் பின்கட்டில் நான்கு பேரும் ஒளிந்துகொண்டார்கள். சில நாட்களில் வான் பெல்ஸ் தம்பதியும் மகன் பீட்டரும் வந்தார்கள். நவம்பரில் ஃபிரிட்ஸ் ஃபெஃபர் என்ற பல் மருத்துவர் வந்து சேர, மொத்தம் எட்டுப் பேர். 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபடும்வரை இருபத்தைந்து மாதங்கள் அங்கேயே இருந்தார்கள்.

நோட்டு நிரம்பியதும் ஆன் வேறு நோட்டுகளில் தொடர்ந்தாள். 1944 மார்ச் 28 அன்று லண்டனிலிருந்து ஒலிபரப்பான டச்சு வானொலியில், நாடு கடந்த அரசின் கல்வி அமைச்சர் ஹெரிட் போல்கஸ்டைன் பேசினார். சாதாரண மக்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் போர் முடிந்ததும் திரட்ட வேண்டும் என்றார். அதைக் கேட்ட ஆன் மே 20 அன்று ஒரு வேலையில் இறங்கினாள். பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, முதலிலிருந்து தனித்தாள்களில் மறுபடி எழுதத் தொடங்கினாள். பத்து வாரங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட தாள்கள். சில பதிவுகளை வெட்டினாள், சிலவற்றைச் சேர்த்தாள், சிலவற்றை ஒன்றாக்கினாள். வீட்டில் இருந்தவர்களுக்குப் புனைபெயர் வைத்தாள். நூலுக்குத் தலைப்பும் முடிவு செய்திருந்தாள். அதே சமயம் நோட்டில் அன்றாடக் குறிப்பையும் விடவில்லை. மறுஎழுத்து 1944 மார்ச் 29 ஆம் நாள் பதிவுவரை வந்து நின்றது; நோட்டின் கடைசிப் பதிவு ஆகஸ்ட் 1.

ஆக, நமக்குக் கிடைத்திருப்பவை இரண்டு எழுத்துகள். ஒன்று, அந்தந்த நாளில் எழுதிய நோட்டு. இன்னொன்று, பதினைந்தை எட்டும் பெண் தன் பதின்மூன்றையும் பதினான்கையும் திருத்தி எழுதிய தாள்கள். முதல் எழுத்து முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1942 டிசம்பர் 5 முதல் 1943 டிசம்பர் 22 வரைக்குமான நோட்டுகள் போய்விட்டன. அந்த ஓராண்டை நாம் அவளுடைய மறுஎழுத்தின் வழியாக மட்டுமே அறிகிறோம்.

இதைத் தெரிந்துகொண்டு படித்தால் புத்தகமே வேறாகத் தெரியும். பதின்மூன்று வயதுப் பள்ளிச் சிறுமியின் மனக்கிடக்கையில் யாருக்கு அக்கறை இருக்கப் போகிறது என்று கேட்டு, மனிதர்களைவிடக் காகிதத்துக்குப் பொறுமை அதிகம் என்று சொல்லும் புகழ்பெற்ற பகுதி 1942 ஜூன் 20 என்ற தேதியில் வருகிறது. அதைப் பதின்மூன்று வயதில் அவள் எழுதவில்லை. 1944இல் நூலுக்கு முகப்பாக எழுதிச் சேர்த்தது அது. கிட்டி என்ற ஒரே தோழிக்கு எழுதும் கடித வடிவமும் அப்படித்தான். தொடக்கத்தில் கிட்டி, கோனி, எம்மி, மரியான் என்று பல பெயர்களுக்குக் கடிதம் எழுதினாள். அவள் விரும்பிப் படித்த சிஸ்ஸி வான் மார்க்ஸ்வெல்ட்டின் பள்ளிச் சிறுமிக் கதைகளில் வரும் தோழியர் கூட்டத்திலிருந்து எடுத்த பெயர்கள் அவை. மறுஎழுத்தில்தான் எல்லாரையும் கழித்துவிட்டுக் கிட்டியை மட்டும் வைத்துக்கொண்டாள். கற்பனைத் தோழிகளோடு விளையாடியவள், ஒரு நூலுக்கு ஒரு வாசகி போதும் என்று தீர்மானிக்கும் எழுத்தாளராக மாறியது இந்த இரண்டாண்டுகளில்தான்.

அப்பா என்ன செய்தார் என்பதற்கு இப்போது வரலாம். கைது நடந்த அன்று தரையில் சிதறிக் கிடந்த தாள்களையும் நோட்டுகளையும் அலுவலகத்தில் வேலை பார்த்த மீப் கீஸும் பெப் வோஸ்காய்லும் எடுத்து வைத்தார்கள். மீப் அவற்றைப் படிக்காமலேயே மேசை இழுப்பறையில் பாதுகாத்தார். எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் ஓட்டோ மட்டும். ஆனின் அம்மா எடித் 1945 ஜனவரியில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இறந்தார். மார்கோட்டும் ஆனும் அதன்பின் சில வாரங்களில் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்துபோனார்கள். மகள்களின் மரணம் உறுதியான பிறகு மீப் காகிதங்களை ஓட்டோவிடம் ஒப்படைத்தார். அவர் இரண்டு எழுத்துகளையும் கலந்து ஒரு பிரதியைத் தயாரித்தார். 1947 ஜூன் 25 அன்று அது வெளிவந்தது. மனைவியைப் பற்றிய கடுஞ்சொற்களிலும், உடல் பற்றிய பகுதிகளிலும் பலவற்றை அவர் விட்டுவிட்டார். அதே நேரத்தில், மகள் மறுஎழுத்தில் வெட்டி எறிந்த சிலவற்றை நோட்டிலிருந்து எடுத்துத் திரும்பச் சேர்த்தவரும் அவர்தான். பீட்டர்மீது ஆனுக்கு இருந்த ஏக்கத்தைச் சொல்லும் பக்கங்கள் முக்கியமானவை. மறுஎழுத்து நடந்த நாட்களில் அந்தக் காதல் ஆறத் தொடங்கியிருந்தது. அவள் அதைப் பெருமளவு குறைத்துவிட்டாள். அப்பா மீட்டுக் கொடுத்தார்.

1980இல் ஓட்டோ இறந்தபின் கையெழுத்துப் பிரதிகள் நெதர்லாந்தின் போர் ஆவண நிறுவனத்துக்குப் போயின. அரசுத் தடய அறிவியல் ஆய்வகம் தாள், மை, பசை, கையெழுத்து எல்லாவற்றையும் சோதித்தது. எழுதியவள் ஆன்தான் என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியானது. 1986இல் நோட்டு, மறுஎழுத்து, அப்பாவின் பிரதி மூன்றையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒரு பதிப்பு வந்தது. அதன் பிறகு அப்பா திருத்தினாரா என்ற கேள்விக்கு மறைவே கிடையாது. வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி முதல் சந்தேகம். வளர்வதைப் பற்றி என்ன இருக்கிறது?

முதலில் உடம்பு. ஒளிந்திருந்த அறையின் சுவர்த்தாளில் ஓட்டோ பென்சிலால் கோடு போட்டு மகள்களின் உயரத்தைக் குறித்து வந்தார். அந்தக் கோடுகள் இன்றும் இருக்கின்றன. அங்கிருந்த காலத்தில் ஆன் 13 சென்டிமீட்டருக்கும் அதிகமாக வளர்ந்திருந்தாள். வெளியே போக முடியாத வீட்டில், துணி வாங்க வழியில்லாத காலத்தில் இந்த வளர்ச்சி. உள்சட்டை வயிற்றைக்கூட மூடவில்லை என்று 1943 மே மாதப் பதிவில் எழுதுகிறாள். அந்த ஆகஸ்டில் மீப் இருபத்தேழரை கில்டருக்கு ஒரு ஜோடி பழைய காலணி வாங்கி வருகிறார். ஒயின் சிவப்பு நிறம், சற்று உயர்ந்த குதிகால். அதைப் போட்டதும் இன்னும் உயரமாகத் தெரிவதை ஒரு பெருமிதத்தோடு குறித்து வைக்கிறாள். அந்தக் காலணியோடு எந்தத் தெருவில் நடப்பது என்ற கேள்வியை அவள் எழுப்பவில்லை. படிக்கிற நமக்குத்தான் அது உறுத்துகிறது.

உடம்பைப் பற்றி அவள் எழுதிய விதமும் மாறிக்கொண்டே வந்தது. முதல் நோட்டில் இரண்டு பக்கங்கள் பழுப்புத் தாள் ஒட்டி மறைக்கப்பட்டிருந்தன. 2018இல், பின்னாலிருந்து ஒளி பாய்ச்சி எடுத்த படங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் அவற்றைப் படித்துவிட்டார்கள். 1942 செப்டம்பர் 28 ஆம் நாள் எழுதியவை. அடித்துத் திருத்திக் கெட்டுப்போன பக்கம் என்பதால் ‘அசிங்கமான’ நகைச்சுவைகளை இதில் எழுதுகிறேன் என்று தொடங்கி நான்கு நகைச்சுவைகள். பிறகு யாரோ தன்னிடம் கேட்டால் ஆண் பெண் உறவைப் பற்றி எப்படி விளக்குவது என்று கற்பனை செய்து முப்பத்துமூன்று வரிகள். பெரியவர்கள் பேச்சில் காதில் விழுந்ததை எல்லாம் அரைகுறையாகச் சேர்த்துத் தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் பதின்மூன்று வயது அப்படியே அதில் இருக்கிறது. தாளை ஒட்டியதும் பெரும்பாலும் அவளேதான்.

அதே ஆண்டு நவம்பர் 2 ஆம் தேதிப் பதிவில், தனக்கு மாதவிடாய் சீக்கிரம் வந்துவிடும் போலிருக்கிறது என்பதை மிக முக்கியமான செய்தியாக எழுதுகிறாள். அதற்கான அறிகுறிகளை ஒளிவுமறைவின்றி விவரிக்கிறாள். எப்போது வரும் என்று காத்துக் கிடக்கிறாள். பதினான்கு மாதங்கள் கழித்து, 1944 ஜனவரி 22 அன்று, அந்தப் பதிவின் கீழே ஒரு குறிப்பு எழுதிச் சேர்க்கிறாள். இப்படியெல்லாம் இனி என்னால் எழுத முடியாது என்கிறாள். அன்றைய வெகுளித்தனம் தன்னையே வியக்க வைப்பதாகவும், எவ்வளவு விரும்பினாலும் மறுபடி அப்படி ஆக முடியாது என்றும் சொல்கிறாள். அம்மா, அப்பா, மார்கோட் பற்றிய கோபதாபங்கள் நேற்று எழுதியவைபோல் புரிகின்றனவாம். மற்ற விஷயங்களை அவ்வளவு பச்சையாக எழுதியதுதான் வெட்கமாக இருக்கிறதாம்.

என் பார்வையில் இந்த நூலின் மையம் இந்தக் குறிப்பு. நாட்குறிப்பு எழுதிய சிறுமியர் ஏராளம். எழுதியதைப் பதினான்கு மாதம் கழித்து எடுத்துப் படித்து, அன்று இருந்தவள் வேறு, இன்று இருப்பவள் வேறு என்று கண்டு, அந்தக் கண்டுபிடிப்பையும் தேதி போட்டு அதே பக்கத்தில் எழுதி வைத்தவர்கள் மிகச் சிலர். வளர்ச்சி நடக்கும்போது நடப்பவருக்குத் தெரிவதில்லை. ஆனுக்குத் தெரிந்தது, எழுதியதைத் திரும்பிப் படித்ததால்.

வெட்கம் வந்துவிட்டதால் உடம்பைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிட்டாள் என்று எண்ண வேண்டாம். அதே ஜனவரியில், 5 ஆம் தேதி, மாதவிடாய் வரும்போதெல்லாம் வலி, அருவருப்பு, தொல்லை எல்லாவற்றையும் மீறி உள்ளே ஓர் இனிய ரகசியத்தைச் சுமப்பதுபோல் உணர்வதாக எழுதினாள். அப்போது அவளுக்கு மூன்று முறைதான் வந்திருந்தது. மார்ச் 24 அன்று பெண்ணுறுப்பின் அமைப்பை ஒரு பாட நூலின் நிதானத்தோடு, தெளிவாக விவரித்தாள். 1942 செப்டம்பரின் அசட்டுத் துணிச்சலிலிருந்து 1944 மார்ச்சின் நிதானத்துக்கு வந்து சேர்ந்த தூரத்தை, மூன்று பக்கங்களையும் அடுத்தடுத்துப் படித்தால் யாரும் அளந்துவிடலாம்.

அம்மா மகள் பிணக்கு, கேள்வி கேட்டவருக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். 1943 ஏப்ரல் 2 ஆம் தேதிப் பதிவைப் பாருங்கள். படுக்கையில் ஆன் அப்பாவுக்காகக் காத்திருக்கிறாள். இரவுப் பிரார்த்தனையின்போது அவர்தான் உடனிருப்பார். எடித் வந்து, இன்று நான் கேட்கட்டுமா என்கிறார். வேண்டாம் என்கிறாள் மகள். உன்மீது கோபப்பட விரும்பவில்லை, என்னை நேசிக்கும்படி உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லி, கண்ணீரோடு அறையை விட்டுப் போகிறார் தாய். தான் கொடுமையாக நடந்துகொண்டது ஆனுக்குத் தெரிகிறது. ஆனாலும் பொய்யாக நடிக்க மாட்டேன் என்கிறாள். இந்த நிகழ்ச்சியின் மூல நோட்டு கிடைக்கவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். நாம் படிப்பது 1944இல் அவள் மறுபடி எழுதிய வடிவம். வெட்டிவிட முழு உரிமையும் இருந்தும் தாயின் கண்ணீரை அவள் வெட்டவில்லை.

1944 ஜனவரி 2 அன்று பழைய நோட்டைப் புரட்டிய ஆன், அம்மாவைப் பற்றித் தான் எழுதியவற்றைக் கண்டு அதிர்ந்துபோகிறாள். வெறுப்பைப் பற்றி இப்படியெல்லாம் பேசியது நீதானா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். அம்மாவுக்கு என்னைப் புரியவில்லை, எனக்கும் அம்மாவைப் புரியவில்லை என்று எழுதுகிறாள். ஆனால், மூன்றே நாளில் பழைய ஆனும் திரும்பி வருகிறாள். 5 ஆம் தேதிப் பதிவில், முன்பு ஒருநாள் பல் மருத்துவரிடம் போனபோது நடந்ததைச் சொல்கிறாள். அம்மாவும் மார்கோட்டும் கடைக்குக் கிளம்ப, சைக்கிளோடு வந்த காரணத்தால் ஆனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கண்ணில் நீர் தளும்ப நின்றவளைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள். ஆத்திரத்தில் நடுத்தெருவிலேயே நாக்கை நீட்டிக் காட்டினாள். வழியில் போன ஒரு மூதாட்டி திகைத்துப் பார்த்தாள். அம்மாவை மன்னிக்க முடியாத ஒன்றாக அந்தச் சிரிப்பு இன்னும் உள்ளே இருக்கிறது என்கிறாள். 2 ஆம் தேதி வந்த பக்குவமும் உண்மை, 5 ஆம் தேதி வந்த பழைய வலியும் உண்மை. நாவலாசிரியர் ஒருவர் எழுதியிருந்தால் முதலாவதோடு நிறுத்தியிருப்பார்.

மேசைச் சண்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய ஃபெஃபரோடு ஒரே அறையில் படுக்க வேண்டிய நிலை அவளுக்கு. அந்த அறையில் ஒரு சிறு மேசை. வாரத்தில் இரண்டு பிற்பகல் மாலை நான்கு மணியிலிருந்து ஐந்தரைவரை அதை எனக்குத் தர முடியுமா என்று 1943 ஜூலையில் பணிவாகக் கேட்கிறாள். அவர் மறுக்கிறார். தன் வேலைதான் வேலை, புராணக் கதை படிப்பதும் பின்னுவதும் ஒரு வேலையா என்கிறார். ஆன் பொறுமையாக வாதாடுகிறாள், அப்பாவிடம் யோசனை கேட்கிறாள், இறுதியில் இரண்டு பிற்பகல் அவளுக்குக் கிடைக்கிறது. பதினான்கு வயதுப் பெண் செய்வதெல்லாம் விளையாட்டு என்று எண்ணும் பெரியவரிடமிருந்து ஒரு மேசையை வாதாடி வாங்கினாள். அவள் எழுதியது இத்தகைய மேசையில், இத்தகைய நேரத்தில் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

பீட்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதைப் பற்றித்தான் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். 1944 தொடக்கத்தில் ஈர்ப்பு, ஏப்ரல் நடுவில் முதல் முத்தம், ஜூலையில் தெளிவு. அவனைத் தன் பக்கம் இழுத்தது தானே என்றும், இப்போது அவன் தன்னைப் பற்றிக்கொண்டு நிற்கிறான் என்றும் கணிக்கிறாள். இதற்கு நடுவே வரும் கடிதம்தான் எனக்கு முக்கியம். மாடியில் பீட்டரோடு உட்கார்ந்திருப்பது பற்றி அப்பா கவலைப்பட்டதும், மே 5 அன்று அவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள். எனக்குக் கஷ்டமாக இருந்தபோது நீங்கள் யாரும் துணைக்கு வரவில்லை, தனியாகவே போராடி இந்த இடத்துக்கு வந்தேன், இனி யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பது அதன் சாரம். வாழ்க்கையில் எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன, இதைப்போல் எதுவும் புண்படுத்தியதில்லை என்று அப்பா அழுகிறார். ஆன் தலைகுனிகிறாள். கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுவதாக அவர் சொல்கிறார். ஆனால் அதன் வாசகம் நாட்குறிப்பில் இருந்தது. மகள் இறந்தபின் அதைப் படித்த அப்பா, 1947 பதிப்பிலேயே அதைச் சேர்த்து வெளியிட்டார். அவர் திருத்தினார் என்று குறை சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெண்களை ஆண்களைவிடத் தாழ்வாக ஏன் வைத்திருக்கிறார்கள், அதைப் பெண்கள் இத்தனை காலம் ஏன் பொறுத்துக்கொண்டார்கள் என்ற கேள்வி 1944 ஜூனில் வருகிறது. பதினைந்து நிறைந்த நாட்களில் எழுதியது. பிரசவத்தில் பெண் படும் வேதனைக்குப் போர்வீரனுக்குக் கிடைக்கும் மரியாதையில் ஒரு பங்காவது உண்டா என்று கேட்கிறாள். அம்மாவைப்போல் வீட்டு வேலையோடு மறக்கப்படும் வாழ்க்கை தனக்கு வேண்டாம், பத்திரிகையாளராக வேண்டும், எழுத்தாளராக வேண்டும் என்று அந்த ஏப்ரலிலும் மேயிலும் எழுதியதன் தொடர்ச்சி இது. அம்மாவோடு இருந்த சண்டை இங்கே வேறொன்றாகிவிட்டது. எடித் என்ற ஒருத்தியின் மீதிருந்த கோபம், எடித்தைப்போன்ற பெண்களுக்கு உலகம் ஒதுக்கிய இடத்தின் மீது திரும்பியிருக்கிறது.

ஓட்டோ பின்னாளில் ஒரு பேட்டியில், ஆனோடு மிக நெருக்கமாக இருந்தவன் என்றபோதும் அவளுக்குள் இவ்வளவு ஆழமான சிந்தனைகள் இருந்தது தனக்குத் தெரியாது என்றார். பெரும்பாலான பெற்றோருக்குத் தம் பிள்ளைகளை உண்மையில் தெரியாது என்பது அவர் வந்தடைந்த முடிவு. எட்டுப் பேர் இரண்டாண்டுகள் வாசலைத் தாண்டாமல் வாழ்ந்த வீட்டில், தினமும் கண்முன்னே இருந்த மகளைப் பற்றி ஒரு தகப்பன் சொன்ன சொல் அது.

கடைசியாக, எந்தப் பதிப்பை வாங்குவது? முன்பக்கங்களில் பாருங்கள். 1947 பிரதியின் வழிவந்த மொழிபெயர்ப்பானால் மேலே சொன்னவற்றில் பல அதில் இருக்காது. 1991இல் மிர்யாம் பிரெஸ்லர் விரிவாக்கித் தொகுத்த பதிப்பின் வழிவந்ததானால் பெரும்பாலும் இருக்கும். பழுப்புத் தாள் பக்கங்கள் மட்டும் அதில் இராது, அவை வெளிப்பட்டது 2018இல். பதின்மூன்று வயதுக்கு விரிவான பதிப்பே பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம், எழுதியவளுக்கும் அதே வயதுதான். கொடுப்பதற்கு முன் நீங்களும் ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள். எந்தப் பக்கத்தையும் கிழிப்பதற்காகச் சொல்லவில்லை. 1944 ஜனவரி 5க்கு வந்ததும் மகள் ஏதாவது கேட்கக்கூடும். அப்போது பேச்சை மாற்றாமல் பதில் சொல்ல உங்களால் முடிய வேண்டும்.